நாடோடி இனம் ஒன்று, பி.டி.எஃப். ஆக: படம் அழகு, புழுக்கை எங்கே?

வாங்கியது டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டுக்குப் புதிதாக ஒரு நாடோடி இனத்தைச் சேர்க்கிற அறுபத்து நாலு பக்க பி.டி.எஃப். விலை டாலரில், கார்டில் போனது ஆயிரத்து இருநூறு ரூபாய்க்குக் கொஞ்சம் மேல். நூலின் பெயரை வேண்டுமென்றே விடுகிறேன். எழுதியவர் தனி ஆள், சின்ன அளவில் விற்கிறவர். நான் சொல்லப்போகும் குறைகளும் இந்த ஒரு நூலோடு நிற்பவை அல்ல.

தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 1974இல் அமெரிக்காவில் வெளிவந்த விளையாட்டு. ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக உட்கார்ந்து "நான் இதைச் செய்கிறேன்" என்பார்கள். நடக்குமா நடக்காதா என்பதை இருபது முகப் பகடை சொல்லும். பாத்திரம் மனிதராக இருக்கலாம், எல்ஃபாக இருக்கலாம், குள்ளராக இருக்கலாம். இதை முன்பு 'ரேஸ்' என்றார்கள், 2024 பதிப்பில் 'ஸ்பீஷீஸ்' என்று மாற்றிவிட்டார்கள். எங்கள் வீட்டுத் தாழ்வாரத்தில் இன்னும் 'இனம்'தான்.

ஊர் நீடாமங்கலம் பக்கம். வெண்ணாறு மூன்றாகப் பிரிகிற மூணாறு தலைப்பு சைக்கிள் மிதிக்கிற தூரம். பள்ளியில் கணக்கு எடுக்கிறேன். ஞாயிறு மதியம் சாப்பாட்டுக்கு அப்புறம் அண்ணன் பிள்ளைகள் இரண்டு பேர், எதிர்வீட்டுப் பையன், இப்போது கல்லூரியில் படிக்கும் என் பழைய மாணவி ஒருத்தி, இவ்வளவுதான் எங்கள் கூட்டம். நாலு வருஷமாக நடக்கிறது. ஊர் ஊராகப் போகிற இனம் ஒன்று வேண்டும் என்று கேட்டது மாணவி. 2000இல் வந்த மூன்றாம் பதிப்பில் ஹாஃப்ளிங் என்ற குட்டையர்களை நாடோடிகளாக ஆக்கியிருந்தார்கள், அது போதாதா என்றேன். போதாதாம். தேடி, இதை வாங்கினோம்.

முதல் அடி ஜெராக்ஸ் கடையில் விழுந்தது. பக்கத்துக்குப் பக்கம் கருநீல ராத்திரி வானம் பின்னணி, அதன்மேல் வெள்ளை எழுத்து. "டீச்சர், என் டோனர் பூரா உங்க வானத்துக்கே போயிடும்போல" என்றார் கடைக்காரர். பின்னணி இல்லாத அச்சுக் கோப்பு ஒன்றைக் கூடவே கொடுத்திருக்க வேண்டும், கொடுக்கவில்லை. வரைபடம் இரண்டு பக்கத்துக்கு நடுவில் வருகிறது; ஸ்பைரல் போட்டதும் நடு ஆறு கம்பிக்குள் போய்விட்டது.

இனத்துக்கு வைத்திருக்கிற பெயர் யார் வாயிலும் நுழையவில்லை. சின்னவன் 'நடையர்' என்றான், அதுவே நின்றுவிட்டது. நடையர்கள் உயரமானவர்கள், சாம்பல் நிறத்தவர்கள். ஆறுகால் மிருகங்களை ஓட்டிக்கொண்டு புல்வெளியைச் சுற்றுகிறவர்கள். வானத்தில் இரண்டு நிலவு. இரண்டும் ஒன்றுசேரும் இரவில் இடம் மாறுவார்கள். கல்யாணம், சாவு, பச்சை குத்துதல், மொழியில் காற்றுக்குப் பதினொரு சொல் என்று சடங்குப் பகுதி மட்டும் இருபத்தாறு பக்கம். படங்கள் நிஜமாகவே அழகு. கூடாரத்துக்குள் விளக்கு எரிகிற ஒரு படத்தைப் பார்த்துவிட்டு அண்ணி "சமையல் எங்க பண்றாங்க?" என்று கேட்டார். நல்ல கேள்வி. நூலில் அடுப்பு எங்குமே இல்லை.

கணக்கு டீச்சரிடம் எண்ணைக் கொடுத்தால் சும்மா விடமாட்டாள். ஒரு கூட்டத்துக்கு நானூறு மிருகம் என்கிறது நூல். ஒவ்வொன்றும் காளை அளவு. மாடு ஒன்றுக்கு நாளைக்கு இருபத்தைந்து கிலோ பசும்புல் என்று வைத்தால் கூட்டத்துக்குப் பத்து டன். ஏரிக்கரையில் மூன்று மாதம் தங்கி விழா எடுக்கிறார்களாம். தொண்ணூறு நாளைக்குத் தொள்ளாயிரம் டன். அந்தக் கரையில் புல் அல்ல, நாணல் வேர்கூட மிஞ்சாது. இடம்பெயர்வதற்கு முதல் காரணம் தீனி. நூலில் இடப்பெயர்ச்சிக்குக் காரணமாக ஐந்து புராணம் இருக்கிறது, தீனி இல்லை. 'சுதந்திரம்' என்ற சொல் மட்டும் முப்பத்தொரு இடத்தில் வருகிறது, எண்ணிப் பார்த்தேன்.

இந்த எரிச்சல் எனக்கு வரக் காரணம் இருக்கிறது. எங்களுக்குப் பன்னிரண்டு மா நிலம், அதாவது நாலு ஏக்கர். வருஷா வருஷம் கோடையில் ராமநாதபுரம் பக்கத்திலிருந்து கிடைக்காரர்கள் வருவார்கள். சம்பா, தாளடி அறுப்புக்குப் பிறகு டெல்டாவுக்கு இறங்கி, வெறும் வயல்களில் செம்மறிகளைப் பகலில் மேய்த்து, இரவில் பேசி வைத்த வயலில் அடைப்பார்கள். கூட்டத்துக்குத் தலைவர் கீதாரி. அறுநூறு ஆடு என்றால் அது ஒருத்தருடையது அல்ல, நாலைந்து குடும்பத்து ஆடு சேர்ந்தது. பட்டி தினமும் நகரும், வயல் முழுக்கப் புழுக்கையும் மூத்திரமும் சமமாக விழ வேண்டும் என்பதற்காக. மூத்திரம் நேராக மண்ணில் இறங்குவதுதான் கிடையின் லாபம். குப்பையாக வண்டியில் அடித்தால் அது வராது. 'ஆட்டுப் புழுக்கை அவ்வருஷம், மாட்டுச் சாணி மறுவருஷம்' என்று அப்பா சொல்லாத வருஷம் கிடையாது.

அப்பாவும் கீதாரியும் பேசுவதைக் கேட்டால் ஒரு நாடோடி இனத்தின் சட்டப் புத்தகமே கிடைக்கும். எத்தனை இரவு, ஆட்டுக்கு என்ன கூலி, அரிசி உண்டா, அச்சாரம் எவ்வளவு. பக்கத்து வயலில் களைக்கொல்லி அடித்தார்களா. உளுந்து எப்போது பிடுங்குகிறார்கள். இந்தக் கடைசிக் கேள்விதான் பெரிய கேள்வி. அறுப்புக்குச் சில நாள் முன்பே நிற்கிற நெல்லுக்குள் உளுந்தும் பயறும் தெளித்துவிடுவது இங்கே வழக்கம். அதைப் பிடுங்குகிற வரை வயல் வெறும் வயல் அல்ல. பத்து ஆடு தெரியாமல் இறங்கினால் பஞ்சாயத்துதான். திருவாரூர் மாவட்டத்தில் கோடைப் பருத்தியும் இருக்கிறது, மேய இடம் இன்னும் சுருங்குகிறது. நம் நடையர்களுக்கோ புல்வெளி முழுக்க யாருக்கும் சொந்தமில்லாதது. சண்டை என்றால் டிராகனோடு மட்டும்.

நாள்காட்டி விஷயமும் அப்படித்தான். நூலில் நிலவுகள் தவறுவதில்லை. இங்கே கிடைக்காரர்களின் நாள்காட்டி மேட்டூரில் இருக்கிறது. ஜூன் 12 என்பது அணை திறக்கிற வழக்கமான தேதி. 2022இல் மே 24ஆம் தேதியே அணையைத் திறந்துவிட்டார்கள். தண்ணீர் வருகிறது என்றதும் எல்லோரும் குறுவைக்கு உழவு ஓட்ட நின்றார்கள். எட்டு இரவு பேசியிருந்த கிடை எங்கள் வயலில் ஐந்தோடு முடிந்தது. 2024இல் நேர்மாறு, ஜூலை 28 வரை திறக்கவில்லை. யாரோ எங்கோ திருப்புகிற மதகுக்கு ஏற்பத் தன் ஆட்டையும் பிள்ளைகுட்டியையும் நகர்த்துகிறவன், நூலின் ஒரு படத்தில் காற்றைப் பார்த்துக் கையை விரித்து நிற்கிற நடையன் மாதிரி இருக்கமாட்டான்.

சரி, ஆடினோமா? ஆடினோம். நூலில் உள்ளபடி இரண்டு வாரம் ஆடியதில் ஒன்றும் ஒட்டவில்லை. நடையருக்கு 'நடந்தால் களைப்பே வராது' என்று ஒரு சக்தி கொடுத்திருக்கிறார்கள். பாலைவனம் தாண்டுவது எங்கள் கதையின் முக்கியமான கட்டம், மாணவியின் பாத்திரம் அதைப் பத்து நிமிஷத்தில் தாண்டிவிட்டது. சக்தியைத் தூக்கினேன். அப்புறம் இரண்டு விதி சேர்த்தேன். ஒன்று, நடையரின் காசு எரு; ஒரு வயலில் எத்தனை இரவு தங்குகிறார்கள் என்பதுதான் விலை. இரண்டு, மலைமேல் ஒரு மதகு இருக்கிறது, அது திறக்கும் நாளை நான் மறைவாகப் பகடை போட்டு வைத்துக்கொள்வேன்.

மூன்றாவது ஞாயிறு ஆட்டமே வேறு. இரவில் இரண்டு மிருகம் கயிறு அறுத்துக்கொண்டு ஊர்க்காரர் பயறுக்குள் இறங்கிவிட்டன. பெரியவனுக்குப் போர்வீரன் பாத்திரம், உடனே வாளை எடுத்தான். "எடுத்துட்டு? நாளைக்கு எந்த ஊர்ல இறங்குவீங்க?" என்றேன். ஊர்த்தலைவரிடம் பேசிப் பார்த்தான், பகடையில் நாலுதான் விழுந்தது, பேச்சு எடுபடவில்லை. கடைசியில் மாணவிதான் மூன்று இரவு கூலியில்லாமல் தங்குகிறோம் என்று பேசி முடித்தாள். முக்கால் மணி நேரம் ஒரு அடிதடியும் இல்லை, ஒருத்தரும் எழுந்து போகவில்லை. எதிர்வீட்டுப் பையன் மட்டும் "அத்தை, டிராகன் எப்ப வரும்?" என்று இரண்டு தடவை கேட்டான்.

நூலைத் திட்டிக்கொண்டே போகவும் மனசு வரவில்லை. நாற்பத்தோராம் பக்கம் ஒன்று இருக்கிறது. நடக்க முடியாமல் போன கிழவர்களை நடையர்கள் விட்டுவிட்டுப் போவதில்லை. வழியில் உள்ள கிணறுகளுக்குக் காவலாக ஆளுக்கொரு கிணற்றில் வைக்கிறார்கள். வருஷத்துக்கு இரண்டு தடவை கூட்டம் அந்த வழியாக வரும். அதுவரை கிழவி வழிப்போக்கர்களிடம் கேட்ட செய்தியெல்லாம் சேர்த்துவைத்து ஒரே மூச்சில் சொல்வாள். நமக்கும் ஆற்றுப்படை என்று வழி சொல்வதற்கென்றே ஒரு செய்யுள் வகை இருந்ததே என்று நினைத்துக்கொண்டேன். இந்தப் பக்கத்தை எழுதியவருக்கு ஊர் சுற்றுகிறவர்களின் கவலை எது என்று தெரிந்திருக்கிறது. மற்ற பக்கங்களில் அதை ஏன் மறந்தார் என்றுதான் புரியவில்லை.

குழந்தைக்குப் பிறந்த இடத்தின் பெயரையே வைக்கும் சடங்கும் பிள்ளைகளுக்குப் பிடித்திருந்தது. இந்தக் கோடையில் கீதாரியின் மனைவி கைப்பேசி சார்ஜ் போட மோட்டார் கொட்டகைக்கு வந்தபோது அதைச் சொன்னேன். சிரித்தார். "எங்க ரெண்டாவது பய வடுவூர் பக்கம் கெடை கெடந்தப்ப பொறந்தான் டீச்சரம்மா. அதுக்காக வடுவூருன்னா பேரு வப்பாக? கொலசாமி பேருதான்." அந்தப் பையன் இப்போது பாட்டி வீட்டில் இருந்து பரமக்குடி பக்கம் பள்ளிக்குப் போகிறான். ராத்திரி வீடியோ காலில் அம்மாவைவிட ஆட்டுக்குட்டியைத்தான் அதிகம் பார்க்கிறானாம்.

யார் வாங்கலாம்? படத்துக்காக என்றால் திரையில் பார்த்துக்கொள்ளுங்கள், அச்செடுக்காதீர்கள். கதை நடத்துகிறவர் என்றால் கிணற்றுப் பக்கம், சாவுச் சடங்கு, கடைசியில் உள்ள பெயர்ப் பட்டியல், இவ்வளவும் காசுக்குத் தகும். விதிகளை அப்படியே எடுத்தால் ஆட்டம் கெடும். ஐந்துக்கு இரண்டரை போடுகிறேன், கிணற்றுக் கிழவிக்காக இன்னொரு அரை.

அந்த ஸ்பைரல் புத்தகத்தைக் கீதாரியிடமும் காட்டினேன். அப்பாவோடு கணக்கு முடிக்க வந்து திண்ணையில் உட்கார்ந்திருந்தார். ஆறுகால் மிருகத்தின் படத்தை வெளிச்சத்தில் சாய்த்து, குளம்பு, வயிறு, வாய் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். கூடாரத்தையோ பச்சை குத்தலையோ திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "வருசத்துக்கு எத்தனை குட்டி போடும்?" என்றார். புரட்டிப் பார்த்தேன், அறுபத்து நாலு பக்கத்திலும் இல்லை. எழுதியவருக்கு மின்னஞ்சல் அனுப்பி மூன்று வாரம் ஆகிறது. பதில் வரும்வரை எங்கள் மேசையில் வருஷத்துக்கு ஒன்று, பகடையில் இருபது விழுந்தால் இரண்டு.