மேசை மினி வேக்குவம் வாங்குபவர்கள் கவனத்துக்கு: பெட்டியில் இருக்கும் எண்ணும் உள்ளே இருக்கும் பேட்டரியும்

ரப்பர் துகள், பென்சில் சீவல், கீபோர்டு இடுக்கில் சேரும் தூசி எல்லாவற்றையும் ஒரே இழுப்பில் எடுத்துவிடும் என்று சொல்லி விற்கிறார்களே, உள்ளங்கை அளவு வேக்குவம் கிளீனர், அதைப் பற்றிய எச்சரிக்கை இது. பொருளே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. ஒழுங்காகச் செய்திருந்தால் வரைகிறவர்களுக்கும் நிறைய எழுதுகிறவர்களுக்கும் உண்மையிலேயே உதவும். ஆனால் மலிவாகக் கிடைப்பவற்றில் இரண்டு இடத்தில் ஏமாற்று நடக்கிறது. ஒன்று இழுவை, இன்னொன்று பேட்டரி. இழுவையில் ஏமாந்தால் காசோடு போகும். பேட்டரியில் ஏமாந்தால் தீப்பிடிக்கும் அபாயம் இருக்கிறது.

முதலில் விளம்பர வீடியோவைக் கூர்ந்து பாருங்கள். கறுப்பு மேசையில் வெள்ளைத் தெர்மாகோல் உருண்டைகளைக் கொட்டியிருப்பார்கள். கருவியை ஒரு தடவை நகர்த்தியதும் எல்லாம் காணாமல் போகும். தெர்மாகோலில் பெரும்பகுதி காற்றுதான், வாயால் ஊதினாலே பறக்கும். அதை இழுப்பதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. நம் மேசையில் கிடப்பது ரப்பர் துகள். அது லேசான பசையோடு மேசைப்பரப்பில் ஒட்டிக்கொண்டு கிடக்கும். அதைத் தளர்த்த வாய்ப்பகுதியில் பிரஷ் வேண்டும், கிளப்ப வேகமான காற்று வேண்டும். ரப்பர் துகளையோ மணலையோ இழுத்துக் காட்டாத வீடியோவை நம்பி வாங்காதீர்கள்.

விமர்சனங்களிலும் ஒரு தந்திரம் உண்டு. வேறு பொருளுக்கு வந்த பழைய விமர்சனங்கள் இருக்கும் பக்கத்திலேயே படத்தையும் தலைப்பையும் மாற்றி இதை விற்பார்கள். ஆயிரக்கணக்கில் நட்சத்திரம் இருக்கும். கொஞ்சம் கீழே போய்ப் பார்த்தால் பேனா ஸ்டாண்டையோ போன் கவரையோ பாராட்டி எழுதியிருக்கும். வாடிக்கையாளர் போட்ட படங்களில் இதே கருவி இருக்கிறதா என்பதை மட்டும் பார்த்தால் போதும்.

இனி எண்கள். 120 வாட் என்று போட்டிருப்பதைப் பல இடங்களில் பார்க்கலாம். இந்த அளவுக் கருவியில் பெரும்பாலும் இருப்பது ஒரே ஒரு 3.7 வோல்ட் லித்தியம் செல். 120ஐ 3.7ஆல் வகுத்தால் 32 ஆம்பியர் வருகிறது. உள்ளே இருக்கும் நூல் போன்ற ஒயரில் 32 ஆம்பியர் ஓடினால் இன்சுலேஷன் நொடியில் உருகிவிடும். ஆகவே அந்த எண் பொய் என்று கருவியைத் தொடாமலே சொல்லலாம்.

பாஸ்கல் (அழுத்தத்தை அளக்கும் அலகு) கணக்கில் போடும் இழுவையைப் பொய் என்று அப்படிப் பார்த்தவுடன் சொல்ல முடியாது, அளந்துதான் பார்க்க வேண்டும். வீட்டிலேயே அளக்கலாம். மீன் தொட்டிக்குப் பயன்படும் ஒளி ஊடுருவும் குழாயில் ஒரு மீட்டர் எடுங்கள். அதை யு வடிவில் வளைத்து ஓர் அட்டையில் டேப் போட்டு ஒட்டி, பக்கத்தில் 30 செ.மீ. ஸ்கேலை நிறுத்துங்கள். யு வடிவின் இரண்டு பக்கத்திலும் சுமார் 15 செ.மீ. உயரத்துக்கு, இங்க் கலந்த தண்ணீர் நிற்கட்டும். குழாயின் ஒரு நுனியைக் கருவியின் வாயில் வைத்துச் சுற்றிலும் களிமண்ணால் காற்றுப் புகாமல் அடையுங்கள். இன்னொரு நுனி திறந்தே இருக்க வேண்டும். சுவிட்சைப் போட்டதும் கருவி இருக்கும் பக்கம் தண்ணீர் ஏறும், மறுபக்கம் இறங்கும். இரண்டு மட்டத்துக்கும் நடுவில் உள்ள வித்தியாசம்தான் கணக்கு. ஒரு செ.மீ. வித்தியாசம் என்றால் 98 பாஸ்கல். ஒரு பக்கம் ஏறியதை மட்டும் அளந்தால் பாதிதான் கிடைக்கும், இதில் பலர் தவறுகிறார்கள். 2000 பாஸ்கல் என்று விற்ற கருவி 20 செ.மீ.க்குக் கொஞ்சம் மேலே காட்ட வேண்டும். அது 3 செ.மீ. காட்டினால் உங்கள் கையில் இருப்பது 300 பாஸ்கல்கூட இல்லை. ஸ்கேலோடு சேர்த்துப் படம் எடுத்து வையுங்கள். குழாயை இணைத்தபடி கருவியைச் சாய்க்க வேண்டாம், தண்ணீர் மோட்டாருக்குள் போய்விடும்.

இழுவை ஏன் குறைகிறது? பெரும்பாலும் விசிறிதான் காரணம். இழுவை தரும் விசிறி மையத்தில் காற்றை வாங்கி விளிம்பு வழியாக வீசும். தட்டையான வட்டத்தட்டின் மேல் இறக்கைகள் நிற்கும். மலிவானவற்றில் சிலவற்றில் டேபிள் ஃபேன் போன்ற இறக்கையைப் போட்டுவிடுகிறார்கள். அது காற்றை நகர்த்தும். ஆனால் முன்னால் வடிகட்டி என்ற தடை வந்தவுடனே திணறிப்போகும். தூசிக் கிண்ணத்தைக் கழற்றி உள்ளே எட்டிப் பார்த்தாலே எந்த வகை என்று தெரியும். அடுத்தது கசிவு. கிண்ணமும் உடம்பும் சேரும் இடத்தில் ரப்பர் வளையம் இல்லாவிட்டால் காற்று அந்த இடுக்கு வழியாகவே நுழையும், வாய்க்கு இழுவை வந்து சேராது. இதற்கு மட்டும் கைவைத்தியம் உண்டு: கதவு ஓரத்தில் ஒட்டும் மெல்லிய ஸ்பாஞ்ச் டேப்பைச் சேரும் விளிம்பில் ஒரு சுற்று ஒட்டினால் போதும், வித்தியாசம் கையிலேயே தெரியும்.

இரண்டு ஏஏ செல் போடும் வகை வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. சார்ஜ் ஏறும் நிக்கல் செல் போட்டால் இழுவை கணிசமாகக் குறையும், அது கருவியின் குற்றம் இல்லை. சாதாரண செல் 1.5 வோல்ட், நிக்கல் செல் 1.2 வோல்ட். மோட்டார் வேகம் ஏறக்குறைய 80 சதவீதத்துக்கு இறங்கும். விசிறி உண்டாக்கும் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால் அது 64 சதவீதமாகிவிடும்.

இனிச் சொல்வதைத்தான் எல்லோரும் படிக்க வேண்டும் என்று விரும்புகிறோம். யுஎஸ்பியில் சார்ஜ் ஏறும் வகையில் 2000, 4000 எம்ஏஎச் (பேட்டரியின் கொள்ளளவு) என்று அச்சடித்திருப்பார்கள். எடையைப் பார்த்தாலே பாதி விஷயம் வெளிப்படும். 18650 என்னும் உருளை செல் தனியாகவே ஏறக்குறைய 45 கிராம் வரும், அதிலேயே பரவலாகக் கிடைக்கும் உயர்ந்த ரகங்கள் 3500 எம்ஏஎச் அளவில்தான் நிற்கின்றன. ஆகவே மலிவான கருவியின் ஒற்றை 18650 செல்லில் 4000 என்று போட்டிருந்தால் நம்ப வேண்டியதில்லை. தட்டையான பை வடிவச் செல்லில் 1000 எம்ஏஎச்சுக்கு ஏறக்குறைய 20 கிராம் எடை வரும். கருவி முழுவதுமே 70 கிராம் என்றால், மோட்டாரும் பிளாஸ்டிக்கும் போக 2000 எம்ஏஎச் செல்லுக்கு அதில் இடம் எங்கே?

பிரிக்காமலே அளவைக் கண்டுபிடிக்க, கேபிளுக்கு நடுவில் செருகினால் ஏறும் சார்ஜைக் காட்டும் ஒரு யுஎஸ்பி மீட்டர் போதும். கருவி தானாக நிற்கும் வரை ஓட்டுங்கள் (சட்டென்று நிற்காமல் முனகி மெதுவானால் உடனே அணைத்துவிடுங்கள், காரணம் கீழே), பிறகு மீட்டர் வழியாக முழுச் சார்ஜ் ஏற்றுங்கள். இவற்றில் பரவலாக இருக்கும் டிபி4056 போன்ற சார்ஜ் சிப் உள்ளே வாங்கும் மின்னோட்டத்தை அப்படியே செல்லுக்குக் கொடுப்பது. அதனால் மீட்டர் காட்டும் எம்ஏஎச்சும் செல்லின் உண்மையான கொள்ளளவும் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருக்கும். பெட்டியில் 2000 இருந்து மீட்டரில் 350 வந்தால் அதுவே சாட்சி.

அளவு குறைவு என்பது ஏமாற்று. அந்தச் சின்னச் செல்லைச் சார்ஜ் செய்யும் விதம்தான் ஆபத்து. சார்ஜ் போர்டில் சிப்புக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு ரெசிஸ்டர் மின்னோட்டத்தைத் தீர்மானிக்கிறது. 1.2 கிலோஓம் என்றால் ஒரு ஆம்பியர், 4 கிலோஓம் என்றால் 300 மில்லிஆம்பியர். கடையில் மொத்தமாக வரும் ரெடிமேட் போர்டு ஒரு ஆம்பியருக்கு அமைத்தது, ரெசிஸ்டர் மேல் 122 (1.2 கிலோஓம் என்பதன் குறி) என்று இருக்கும். அதை மாற்றாமல் 350 எம்ஏஎச் செல்லில் பொருத்தினால், அந்தச் செல் தாங்கக்கூடியதைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு மின்னோட்டம் பாய்கிறது. செல் சூடாகும், நாளடைவில் வீங்கும். இன்னும் மோசமானவற்றில் சார்ஜ் சிப்பே கிடையாது. 5 வோல்ட்டுக்கும் செல்லுக்கும் நடுவில் ஒரு டயோடும் ஒரு ரெசிஸ்டரும் மட்டும் இருக்கும். லித்தியம் செல் 4.2 வோல்ட்டில் நிற்க வேண்டும். டயோடு குறைத்துக் கொடுப்பதோ 0.7 வோல்ட்தான். ஒயரைக் கழற்ற மறந்தால் 4.3ஐத் தாண்டிப் போய்க்கொண்டே இருக்கும்.

இதற்கெல்லாம் கடைசிக் காவல் ஒரு பாதுகாப்புச் சிப், பெரும்பாலும் டிடபிள்யூ01. மின்னழுத்தம் அளவு மீறினாலும், 2.4 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினாலும், ஷார்ட் ஆனாலும் செல்லைத் துண்டித்துவிடும். பல கருவிகளில் இதைத்தான் முதலில் விட்டுவிடுகிறார்கள். சார்ஜ் தீரும் வரை ஓட்டும்போது கவனியுங்கள். நன்றாக ஓடிக்கொண்டிருந்த மோட்டார் சட்டென்று நின்றால் பாதுகாப்புச் சிப் இருக்க வாய்ப்பு அதிகம். முனகி முனகி, மெதுவாகி, விசிறி தனித்தனி இறக்கையாகக் கண்ணுக்குத் தெரியும் வேகத்துக்கு வந்த பிறகும் ஓடிக்கொண்டே இருந்தால் இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். அப்படி அடியோடு வற்றிய செல்லை மறுபடி சார்ஜ் செய்வதே அபாயம். மல்டிமீட்டர் இருந்து, திறந்து பார்க்கத் தைரியமும் பழக்கமும் இருந்தால், சார்ஜ் முடிந்ததும் செல்லின் இரு முனையில் அளந்து பாருங்கள். 4.15 முதல் 4.22 வரை சரி. 4.25ஐத் தாண்டினால் அந்தக் கருவியை மறுபடி சார்ஜில் போடாதீர்கள்.

டைப்-சி போர்ட் இருந்தும் இருபக்கமும் டைப்-சி உள்ள கேபிளில் சார்ஜ் ஏறவில்லை என்றால், கருவி கெட்டுவிடவில்லை. போர்டில் இருக்க வேண்டிய இரண்டு 5.1 கிலோஓம் ரெசிஸ்டர்களை மிச்சம் பிடித்திருக்கிறார்கள். பழைய அகலமான யுஎஸ்பி முனை உள்ள கேபிளில் ஏறும். இதில் ஆபத்து இல்லை. ஆனால் இதையே மிச்சம் பிடித்தவர் பாதுகாப்புச் சிப் போட்டிருப்பாரா என்று யோசிக்க வேண்டும்.

நல்ல கருவியையும் கெடுத்துவிடும் இரண்டு தூள்கள் உண்டு. பென்சில் கிராஃபைட் மின்சாரம் கடத்தும். வடிகட்டி என்ற பெயரில் பெரிய துளை ஸ்பாஞ்ச் மட்டும் இருந்தால், அந்தத் தூள் மோட்டாருக்குள்ளே மின்சாரம் கடத்தும் பிரஷ்ஷுக்குள் போய்ப் பொறி பறக்கும், பிறகு வேகம் குறையும். ஸ்பாஞ்சுக்கு முன்னால் முகக்கவசத் துணியில் ஒரே ஓர் அடுக்கு வெட்டி வையுங்கள். இரண்டு அடுக்கு வைத்தால் இழுவை போய்விடும். இன்னொன்று ரப்பர் துகள். வெள்ளை ரப்பர்களில் பெரும்பாலானவை பிவிசி. அதிலுள்ள மென்மையாக்கி எண்ணெய் பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கை இளக்கும். பென்சில் பெட்டியில் கிடக்கும் ரப்பர் ஸ்கேலோடு ஒட்டிக்கொள்வது இதனால்தான். துகளை வாரக்கணக்கில் கிண்ணத்திலேயே விட்டுவைத்தால், கண்ணாடி போல இருந்த மூடி மங்கிப் பிசுபிசுத்துவிடும். அன்றன்றைக்குக் கொட்டிவிடுங்கள்.

சரியில்லை என்று எழுதினால் விற்பவரிடமிருந்து பெரும்பாலும் வரும் பதில், "பொருளை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், பாதிப் பணம் தருகிறோம்" என்பதுதான். இழுவை மட்டும் குறை என்றால் உங்கள் விருப்பம். பேட்டரி சோதனையில் தோற்ற கருவிக்கு இதை ஒத்துக்கொள்ளாதீர்கள். பல இடங்களில் பாதிப் பணம் வாங்கியதும் ரிட்டர்ன் உரிமை முடிந்துவிடும், ஆபத்தான பொருள் வீட்டிலேயே தங்கிவிடும். முத்திரை பிரிப்பதிலிருந்து வெட்டாமல் ஒரே வீடியோவாக எடுங்கள். அதிலேயே கருவியைத் தராசில் வைத்து எடையைக் காட்டுங்கள். எடையும் யு குழாயும் முதல் நாளே முடிந்துவிடும். சார்ஜ் சோதனைக்கு இன்னும் ஒரு நாள் ஆகும். அந்தச் சார்ஜின்போது கருவி தரையிலோ பீங்கான் தட்டிலோ, பக்கத்தில் காகிதம் இல்லாமல், நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும் இடத்தில் இருக்கட்டும். செல் ஏற்கெனவே வீங்கியிருந்தால் கூரியரில் திருப்பி அனுப்பக் கூடாது. அழுத்தவோ குத்தவோ கூடாது, குப்பையிலும் போடக் கூடாது. படம் எடுத்து விற்பவருக்கு அனுப்பிவிட்டு, செல்லை மணல் நிரம்பிய தகர டப்பாவில் மூடி இறுக்காமல் வைத்து, பேட்டரிக் கழிவு வாங்கும் இடத்தில் ஒப்படையுங்கள்.