தூத்துக்குடில குடும்பக் கல்லறைகளைச் சுத்தம் பண்ணுன அனுபவம்: ஆள், தண்ணி, கூலி, என்ன கல்லுக்கு என்ன செய்யணும்

வெளிநாட்டுல இருந்துக்கிட்டு ஊர்ல இருக்கற கல்லறைக்கு வருஷா வருஷம் பணம் மட்டும் அனுப்பிட்டு போட்டோ பாத்து மனசத் தேத்திக்கறவங்க நம்மள்ல நிறைய பேர் இருக்கோம், அவங்களுக்காகத்தான் இத எழுதுறேன். இந்தத் தடவை நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்கு ரொம்ப முன்னாடியே தூத்துக்குடி போய்ட்டேன், எங்க வீட்டுக் கல்லறை எல்லாத்தையும் கூடவே நின்னு சுத்தம் பண்ண வச்சேன். முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன், இது என்ன கல்லுன்னு ஒரு வார்த்தை கேக்காம ஆசிட் கேனோட வர்ற ஆளத் தயவுசெஞ்சு கல்லறைப் பக்கமே விடாதீங்க.

எங்களுக்கு அங்க இருக்கறது நாலு, நாலும் நாலு விதம். பூட்டன் காலத்துது முருகைக்கல்லும் (கடல் பவளப்பாறைல வெட்டுன கல்லு) சுண்ணாம்பும் வச்சுக் கட்டுனது, தலைமாட்டுல இரும்புச் சிலுவை. தாத்தாவுக்கு செங்கல் கட்டி மேல வெள்ளை மார்பிள் பலகை. ஆச்சிக்கு மொசைக். அப்பாவுக்குக் கறுப்பு கிரானைட், அதுல தங்கக் கலர் எழுத்தும் படமும் வெட்டியிருக்கு. ஒரே குடும்பம், ஒரே இடம், ஆனா ஒண்ணுக்கு மருந்தா இருக்கறது இன்னொண்ணுக்கு விஷம், இது அங்க வேலை செய்யற நிறைய பேருக்குத் தெரியல, தெரிஞ்சவங்க கிட்ட நாம கேக்கறதும் இல்ல.

போன வருஷம் மயினிதான் (அண்ணன் சம்சாரம்) ஒரு பெயிண்டர் குரூப்பப் பிடிச்சு வேலை கொடுத்திருந்தாங்க. அவங்க நல்ல மனசோடதான் செஞ்சாங்க, வாட்ஸ்அப்ல வந்த போட்டோவுல தாத்தா கல்லறை பளிச்சுனு பால் மாதிரி இருந்துச்சு, நாங்க எல்லாருமே சந்தோசப்பட்டோம். இப்ப நேர்ல போய்க் கைய வச்சுப் பாத்தாதான் தெரியுது, வழவழன்னு இருந்த பலகை முழுக்க நறநறங்குது, விரல்ல வெள்ளையா பொடி ஒட்டுது, தாத்தா பேர்ல இருந்த எழுத்தோட ஓரமெல்லாம் மழுங்கிப் போச்சு. பாத்ரூமுக்கு ஊத்தற ஆசிட்ட அப்படியே ஊத்தித் தேய்ச்சிருக்காங்க. மார்பிள்ங்கறது கால்சியம் கார்பனேட், ஆசிட் பட்டா நுரைச்சுப் பொங்கும், அந்த நுரைய அழுக்கு போகுதுன்னு நினைக்கறாங்க, போறது கல்லு. எலுமிச்சம்பழம், புளி, வினிகர் எல்லாமே இதே வேலையக் கொஞ்சம் மெதுவாச் செய்யும், பித்தளைக் குத்துவிளக்குக்குப் புளி போடற பழக்கத்துல மார்பிளுக்கும் போட்டுடாதீங்க.

இந்தத் தடவை முதல் நாள் வந்த பையனும் கேனோடதான் வந்தான். "அண்ணாச்சி, ஒரு கழுவு கழுவுனா பத்து நிமிசத்துல புதுசாயிரும்"னான். தம்பி இதுல ஊத்த வேண்டாம்ப்பான்னு சொல்லி, பலகைக்குக் கீழ உடைஞ்சு கிடந்த ஒரு சில்லு மேல ஒரு சொட்டு விடச் சொன்னேன். பொங்குச்சு. அவனே கொஞ்ச நேரம் குனிஞ்சு பாத்துட்டு, "இத்தனை வருசமா இதத்தான் செஞ்சுட்டு இருக்கோம் அண்ணாச்சி, ஒருத்தரும் சொல்லலையே"ன்னு சொன்னான், அந்தப் பையன் மேல எனக்குக் கோவமே வரல. அவனையே வேலைக்கு வச்சுக்கிட்டேன், கூட ஒரு ஆளு, நாள் கூலி ஆளுக்கு 1,000 ரூபா, கான்ட்ராக்டா பேசாதீங்க, கான்ட்ராக்ட்டுன்னா சீக்கிரம் முடிக்கணும்னு தோணும், சீக்கிரம்னாலே ஆசிட்தான்.

பிரிட்டன்ல காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்துக்கு வாலண்டியரா போய்க் கல்லு கழுவறவங்களுக்குச் சொல்லிக் கொடுக்கறதே வெறும் தண்ணியும் மெத்துனு ஒரு பிரஷ்ஷும்தான், கம்பி பிரஷ் கிடையாது, பிளீச்சிங் கிடையாது, பிரஷர்ல தண்ணி அடிக்கற மெஷின் கிடையாது. அதே முறையத்தான் இங்கயும் செஞ்சோம். ஆனா தூத்துக்குடில ஒரு சிக்கல் இருக்கு, தண்ணிதான் அது. கல்லறைத் தோட்டத்து போர்வெல் தண்ணி வாயில வைக்க முடியாத உப்பு, அதுல கழுவி விட்டா காய்ஞ்ச உடனே வெள்ளை வெள்ளையா பூக்குது. உப்பு கல்லோட துளைக்குள்ள போய்க் காயும்போது கட்டியா மாறி உள்ளேர்ந்து தள்ளும், ஒவ்வொரு தடவை நனைஞ்சு காயறப்பவும் கொஞ்சம் கொஞ்சமா உதிரும். ஏற்கெனவே கடக்காத்து வேற, 2023 டிசம்பர்ல வந்த மழை வெள்ளம் வேற, காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 90 செ.மீ.க்கு மேல பெஞ்சுதே அந்த மழைதான், அதுல தண்ணி நின்ன மட்டத்துக்கு எங்க கல்லறைகள்ல இன்னமும் கோடு இருக்கு, கோட்டுக்குக் கீழதான் பூச்சு அதிகமா பொருமியிருக்கு. அதனால மினி லாரில தாமிரபரணித் தண்ணி சொல்லி வாங்குனேன், 600 ரூபா ஆச்சு, மொத்தச் செலவுலயே உருப்படியான செலவு அதுதான்.

மார்பிளுக்கு முதல்ல நல்லா நனைய விட்டோம், காய்ஞ்ச கல்லுல தேய்ச்சா மண்ணே உப்புத்தாள் மாதிரி கீறிடும். அப்புறம் கீழ இருந்து மேல தேய்ச்சு மேல இருந்து கீழ கழுவி விட்டோம், மேல இருந்து தேய்ச்சா அழுக்குத் தண்ணி ஓடுன தடம் கீழ பதிஞ்சுரும். பாசியும் கறுப்பும் ஒரே நாள்ல போகாது, நனைச்சு ஊற வச்சு ஐஸ்கிரீம் குச்சியால மெதுவா சுரண்டணும், மறுநாளும் செய்யணும். பிளீச்சிங் பவுடர் போட்டா உடனே வெளுக்கும், ஆனா அதுவும் கல்லுக்குள்ள உப்பத்தான் விட்டுட்டுப் போகும், அதனால வேணவே வேணாம்னுட்டேன். பாலீஷ் போட்டுத் தர்றேன்னு கிரானைட் கடைல இருந்து ஒருத்தர் வந்தார், பாலீஷ்னா மேல ஒரு அடுக்க அரைச்சு எடுக்கறது, ஏற்கெனவே மழுங்குன எழுத்து இன்னும் ஆழம் கொறையும், வேண்டாம்னு அனுப்பிட்டேன்.

மெழுகு ஒரு பெரிய தொல்லை. திருநாளன்னிக்கு எல்லாரும் மெழுகுவர்த்திய உருக்கிக் கல்லு மேலயே ஒட்ட வைக்கறோம், வருசக்கணக்கா சேந்து தடியா கிடக்கு. சூடு பண்ணிச் சுரண்டுனா மார்பிளுக்குள்ள இறங்கிக் கறுப்புத் திட்டா ஆயிரும். மீன் பாக்ஸுக்குப் போடற ஐஸ ஹார்பர் பக்கத்துல வாங்கிட்டு வந்து, பாலிதீன் பையில கட்டி மெழுகு மேல வச்சோம், தண்ணி கல்லுல படாம. கொஞ்ச நேரத்துல மெழுகு இறுகி, பழைய ஏடிஎம் கார்ட வச்சு நெம்புனா துண்டு துண்டா தெறிச்சு வந்துருச்சு. உள்ள இறங்குன எண்ணெய்க் கறைக்கு நாமக்கட்டிய இடிச்சுத் தூளாக்கி டர்பன்டைன்ல குழைச்சு அப்பி, பாலிதீன் போட்டு மூடி மறுநாள் வரைக்கும் விட்டு எடுத்தோம், பாதி போச்சு, மீதிய அப்படியே விட்டுட்டேன். மாலைய எடுக்காம விட்டதால கம்பி துருப்பிடிச்சு வட்ட வட்டமா செங்கறை ஒண்ணு ரெண்டு இடத்துல இருக்கு, அது போகவே இல்ல, மாலைய மூணாம் நாளே எடுக்கச் சொல்லிடுங்க.

ஆச்சியோட மொசைக்கும் மார்பிள் கதைதான், சிமெண்டும் மார்பிள் சில்லும் சேந்ததுதானே, ரெண்டையும் ஆசிட் தின்னும். அதுக்கு வெதுவெதுப்பான தண்ணில துளி பாத்திரம் கழுவற லிக்விட், அப்புறம் நாலஞ்சு தடவ நல்ல தண்ணி, அவ்வளவுதான். டைல்ஸ் ஒட்டுன கல்லறை இப்ப நிறைய வருது, டைல்ஸுக்கு ஒண்ணும் ஆகாட்டியும் இடுக்குல இருக்கற சிமெண்ட் போயி தண்ணி உள்ள இறங்கி டைல்ஸ் தூக்கிக்குது, விரலால தட்டிப் பாருங்க, டொக்கு டொக்குன்னு கேட்டா உள்ள காலி.

கிரானைட்டுதான் இதுல தைரியசாலி. நான் வேலை பாக்கற ஊர் செமெட்டரில நிக்கற கறுப்புக் கல்லுல எத்தனையோ நம்ம நாட்டுல இருந்து கப்பலேறிப் போனதுதான், கிருஷ்ணகிரி ஓசூர் பக்கமெல்லாம் ஏற்றுமதிக்காகவே கல்லு அறுக்கறாங்க. தண்ணி ஊத்தித் தேங்காநாரால தேய்ச்சுத் துணியால துடைச்சாலே கண்ணாடியாயிருது. ஆனா இதுக்கும் ஆசிட் வேண்டாம், தங்கக் கலர் எழுத்து உரிஞ்சிரும், சில கல்லுல இருக்கற இரும்பு வெளிய வந்து செம்மஞ்சளா வழியும். பளபளப்புக்குத் தேங்கா எண்ணெய் தடவற பழக்கமும் இருக்கு, ரெண்டு நாள் நல்லாருக்கும், அப்புறம் தெருப்புழுதி அத்தனையும் அதுலதான். அப்பா படத்துல யாரோ தடவி வச்சிருந்தாங்க, பஞ்சுல சோப்புத் தண்ணி தொட்டுத் தொட்டு எடுத்தோம், மூஞ்சி தெளிவா வந்தப்போ எனக்குக் கண்ணு கலங்கிருச்சு. எழுத்துக்குப் பெயிண்ட் நிரப்ப போர்டு எழுதற ஒரு பெரியவர் கிடைச்சார், அவரு வேலை அவ்வளவு சுத்தம், மெல்லிசு பிரஷ்ல நிரப்பி வெளிய வழிஞ்சத உடனே துடைச்சு எடுத்துட்டார்.

எனக்கு ரொம்பக் கவலை பூட்டன் கல்லறைதான். முருகைக்கல் இனிமே கிடைக்காது, பவளப்பாறைய 2001-ல இருந்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துல சேத்துட்டாங்க, எடுக்கறது குற்றம், அதனால இருக்கறதக் காப்பாத்தறதத் தவிர வேற வழி இல்ல. அது மேல போன வருசங்கள்லயெல்லாம் எமல்ஷனும் எனாமலுமா அடிச்சு வச்சிருக்காங்க. தரைல இருந்து உப்போட ஏறுற ஈரம் வெளிய போக வழியில்லாம பெயிண்டுக்குப் பின்னாடியே தங்கி, பூச்ச பொருக்கு பொருக்கா தள்ளி விட்டுருக்கு, ஒரு இடத்துல தொட்டேன், கைப்பிடி அளவு மண்ணா கொட்டுச்சு. விசாரிச்சதுல வயசான ஒரு கொத்தனார் கிடைச்சார். "தம்பி, இதுக்கு சிமெண்ட் வச்சா சிமெண்ட் நிக்கும், கல்லு போயிரும்"னு பாத்த உடனே சொன்னாங்க, சரியான ஆளக் கண்டுபிடிச்சிட்டோம்னு அப்பவே தெரிஞ்சு போச்சு. பொருமுன பெயிண்ட மட்டும் மரக்கட்டையால தட்டி எடுத்துட்டு, ஓட்டைய சுண்ணாம்புச் சாந்தாலயே அடைச்சு, சிப்பிச் சுண்ணாம்ப ஊற வச்சுத் துணில வடிகட்டி, பால் பதத்துக்குக் கரைச்சு, சுவர நனைச்சு நனைச்சு மூணு கை அடிச்சாங்க. வெயில்ல சுருக்குனு காயக் கூடாதுன்னு ஈரச் சாக்கு போட்டு மூடி வச்சாங்க. சுண்ணாம்பு மூச்சு விடும், ஈரம் வெளிய போயிரும், மழைக்குக் கரைஞ்சா அடுத்த வருசம் திரும்ப அடிச்சுக்கலாம், அதுக்காகத்தான் அது இருக்கு. இரும்புச் சிலுவைக்கு மட்டும் கம்பி பிரஷ் போடலாம், துரு எடுத்து ரெட் ஆக்சைடு பிரைமர், அது மேல எனாமல். அடி கல்லுக்குள்ள இறங்கற இடத்தக் கட்டாயம் பாருங்க, துருப்பிடிச்சா இரும்பு ஊதும், ஊதுனா கல்லப் பொளந்துரும்.

எப்பப் போகணும்னா, அக்டோபர் கடைசி வாரம் மட்டும் வேண்டாம். அப்ப தோட்டம் முழுக்கக் கூட்டம், ஒரே ஆளு இருபது கல்லறைய ஒத்துக்கிட்டு ஓடுவார், நின்னு செய்ய நேரம் இருக்காது. கல்லு மாத்தறது, பேர் சேக்கறதுன்னா சர்ச்சோட பங்கு ஆபீஸ்ல எழுதிக் கொடுத்து அனுமதி வாங்கணும், வெறும் கழுவறதுக்கு வாய்ல சொன்னாலே போதும்னாங்க. போன்ல கேட்ட ஒரு சர்வீஸ்காரங்க பேக்கேஜ் மாதிரி சொன்னாங்க, எல்லாக் கல்லுக்கும் ஒரே ஆசிட் வாஷ், மேல கோட்டிங், முன்னாடி பின்னாடி போட்டோ. மார்பிளுக்கு என்ன போடுவீங்கன்னு கேட்டேன், பதில் வரல, விட்டுட்டேன். அந்தப் பையன் கிட்டயே மழை முடிஞ்சு ஜனவரில ஒரு தடவை, திருநாளுக்கு ரெண்டு வாரம் முன்னாடி ஒரு தடவைன்னு பேசியிருக்கேன், வேலை நடக்கும்போதே வீடியோ கால் போடணும், தண்ணி லாரிக்குத் தனியா அனுப்பிடுவேன், கூலிய வேலை முடிஞ்ச பிறகு.

மெழுகுவர்த்திக்கு மயினி ஒரு வழி கண்டுபிடிச்சாங்க, அகலமான மண் சட்டி நாலு வாங்கி மணல் நிரப்பி ஒவ்வொரு கல்லறைக்கு முன்னாடியும் வச்சாச்சு, மந்திரிப்புக்கு (சாமியார் கல்லறைகள ஆசீர்வதிக்கறது) வந்த சொந்தக்காரங்க எல்லாரும் அதுலதான் ஏத்துனாங்க. நீங்களும் வைக்கறதா இருந்தா ஆத்து மணல் போடுங்க, பக்கத்துலயே கிடைக்குதேன்னு கடல் மணல அள்ளிப் போட்டுடாதீங்க, உப்பு இறங்கும்.