கடைவீதியின் மேலேயே வீடா, இரண்டு தெரு தள்ளியா?

வாடகைக்கு வீடு தேடியபோது, கடைவீதியைப் பார்த்தபடி நிற்கும் ஓர் அடுக்ககமும் அதற்கு இரண்டு தெரு பின்னால் இருக்கும் இன்னோர் அடுக்ககமும் ஏறத்தாழ ஒரே வாடகைக்குக் கிடைத்தன. நான் பின்தெரு வீட்டையே எடுத்தேன் என்பதால், இந்த ஒப்பீடு அதன் பக்கம் சாய்ந்திருப்பதில் வியப்பில்லை.

கடைவீதி வீட்டின் வசதிகளுக்கு விளக்கம் தேவையில்லை. மருந்து, காய்கறி, பேருந்து எல்லாம் படியிறங்கினால் கிடைக்கும். இரவில் தாமதமாகத் திரும்புகிறவருக்கு வெளிச்சமும் ஆள் நடமாட்டமும் இருக்கும். பின்தெருவிலிருந்து இவற்றுக்குச் சற்று நடக்க வேண்டும், அவ்வளவே.

என் முடிவைத் தீர்மானித்தது இரவு நேரச் சத்தம். பகல் இரைச்சலை எதிர்பார்த்துத்தான் எவரும் அங்கே குடிவருகிறார்கள். ஆனால் வாடிக்கையாளர்கள் போன பிறகு கடைவீதிக்கு இன்னொரு வேலைநேரம் தொடங்குகிறது. ஷட்டர்களை இழுத்துச் சாத்துவார்கள், போக்குவரத்து ஓய்ந்ததும் சரக்கு வண்டிகள் பீப் ஒலியோடு பின்னால் வரும், இரும்புச் சக்கரத் தள்ளுவண்டிகள் நடைபாதை விளிம்பில் தடதடத்து இறங்கும், விடியுமுன் குப்பை வண்டி வந்து நிற்கும். மின்விசிறியின் சீரான ஓசைக்குப் பழகிவிடும் காது, விட்டு விட்டுத் திடீரென எழும் இந்தச் சத்தங்களுக்கு அவ்வளவு எளிதில் பழகுவதில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் 1999ஆம் ஆண்டு வழிகாட்டுதலும், படுக்கையறையில் இரவின் சராசரி ஒலி 30 டெசிபலுக்குள் இருக்க வேண்டும் என்பதோடு நிற்காமல், இடையிடையே எழும் தனித்தனிச் சத்தங்களுக்கு 45 டெசிபல் என வேறொரு வரம்பையும் வைக்கிறது.

மேல்தளத்துக்குப் போனால் சத்தம் கேட்காது என்பது தரகர்கள் வழக்கமாகச் சொல்லும் சமாதானம். திறந்தவெளியில் ஓரிடத்தில் எழும் ஒலி, தொலைவு இருமடங்காகும்போது சுமார் 6 டெசிபல் குறையும்; ஐந்தாம் தளம் தெருவிலிருந்து 15 மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது, இடையில் மறைப்பும் இல்லை. பின்தெரு வீட்டுக்கோ தொலைவும் கூடுகிறது, நடுவில் இரண்டு வரிசைக் கட்டடங்களும் சுவர்போல் நிற்கின்றன. இரட்டைக் கண்ணாடி ஜன்னல் உதவும் என்பது உண்மைதான். ஆனால் அதைச் சாத்தி வைத்தால்தான் பயன், சாத்தினால் காற்றுக்கு ஏசி ஓட வேண்டும், அந்த மின்கட்டணமும் வாடகையோடு சேர்ந்துகொள்ளும். இருக்கும் ஜன்னலைக் கழற்றிவிட்டுப் புதிதாகப் போட்டுத் தர எந்த உரிமையாளரும் எளிதில் இசைவதில்லை.

கடைவீதிக் கட்டடத்திலேயே பின்புறம் பார்த்த வீடுகளில் நான் குடியிருந்ததில்லை. படுக்கையறை உள்பக்கம் அமைந்தால் கணக்கு மாறக்கூடும். இருப்பினும் கடைகளின் ஜெனரேட்டரையும் குளிர்பதன இயந்திரங்களையும் பெரும்பாலும் பின்பக்கத்தில்தான் வைக்கிறார்கள் என்பதால், அவை எந்த ஜன்னலுக்குக் கீழே இருக்கின்றன என்று பார்த்துவிட வேண்டும். பார்க்கப் போவதும் கடை சாத்திய பிறகாக இருக்கட்டும். படுக்கையறை ஜன்னலைத் திறந்து வைத்துக் கால் மணி நேரமாவது நில்லுங்கள்.

பின்தெருவிலும் ஒரு தொல்லை உண்டு. கடைக்கு வருகிறவர்கள் இடம் தேடி வண்டியை நிறுத்துவது இங்கேதான், சில மாலைகளில் எங்கள் வாயிலை மறித்தே நிறுத்திவிடுகிறார்கள். சொந்த வண்டி வைத்திருப்பவர்கள், வளாகத்துக்குள் தமக்குரிய நிறுத்துமிடத்தை அதன் எண்ணோடு வாடகை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.