நான்காவது முறையாக 'கவனென்ட்': டுகாட்டைப் பார்க்க உட்கார்ந்து ஃபாலாவிடம் வந்து சேர்ந்த கதை

'ஸ்டார் ட்ரெக்: டீப் ஸ்பேஸ் நைன்' என்ற அமெரிக்க விண்வெளித் தொடரின் 7வது சீசனில் 9வது எபிசோட் 'கவனென்ட்'. முதலில் பார்த்தது கல்லூரி விடுதியில், நண்பன் ஊரிலிருந்து கொண்டுவந்த டிவிடியில். போன வாரம் பார்த்தது நான்காவது முறை. இடையில் 18 வருடங்கள் ஓடிவிட்டன. கதையை முழுவதும் சொல்லித்தான் எழுதப்போகிறேன். முடிவு தெரியாமல் பார்க்க விரும்புகிறவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள், 45 நிமிடம்தான்.

பஜோர் என்ற கிரகத்தைக் கார்டேசியர்கள் என்ற வேற்றுக்கிரகத்தார் 50 வருடம் அடிமைப்படுத்தி வைத்திருந்தார்கள். அந்த ஆட்சியில் பஜோரை மேய்த்த கடைசி அதிகாரி டுகாட். எதிர்த்துத் துப்பாக்கி தூக்கியவர்களில் ஒருத்தி கீரா. அவள் சிறுமியாக அகதி முகாமில் இருந்தபோது பாடம் சொல்லிக்கொடுத்த மதகுரு ஃபாலா. பல வருடம் கழித்து, அவள் இப்போது வேலைசெய்யும் டீப் ஸ்பேஸ் நைன் விண்வெளி நிலையத்துக்கு அவளைப் பார்க்க வந்து ஒரு பளிங்குக் கல்லைப் பரிசாகத் தருகிறார். அதைக் கையில் வாங்கியதும் அவள் வேறொரு விண்வெளி நிலையத்தில் இருக்கிறாள். அங்கே ஐம்பது பஜோரியர்கள், பஜோரின் தெய்வங்களை விட்டு அவற்றுக்கு எதிரான தெய்வங்களை வணங்கிக்கொண்டு, கூடி வாழ்கிறார்கள். அவர்களுக்குக் குரு, தங்களை ஆண்ட அதே டுகாட்.

முதல் முறை எனக்கு இது ஒரு த்ரில்லர், அவ்வளவுதான். போலிச் சாமியார், கர்ப்பிணிப் பெண், கடைசியில் எல்லோரும் சேர்ந்து சாக விஷ மாத்திரை. மிகா என்ற பெண்ணுக்குப் பிறக்கும் குழந்தையின் முகத்தில் கார்டேசிய வரிகள் தெரிகின்றன. தகப்பன் யார் என்று கேட்கத் தேவையே இல்லை. டுகாட் கொஞ்சமும் தயங்காமல், இது தெய்வம் நம்மோடு செய்துகொண்ட உடன்படிக்கையின் அடையாளம் என்கிறான். கூட்டம் கண்ணீரோடு ஏற்றுக்கொள்கிறது. இப்படியும் இருப்பார்களா என்று அன்றைக்குக் கோபம் வந்தது.

இரண்டாம் முறை பார்ப்பதற்குள் ஜோன்ஸ்டவுன் பற்றி நிறையப் படித்திருந்தேன். 1978 நவம்பர் 18, கயானா நாட்டுக் காட்டுக்குள் 900 பேருக்கு மேல் செத்துப்போனார்கள். அதில் 300க்கு மேற்பட்டவர்கள் சிறுவர்கள். மற்றவர்களைச் சயனைடு குடிக்கச் சொன்ன மதத் தலைவர் ஜிம் ஜோன்ஸ் அதைக் குடிக்கவில்லை, தலையில் குண்டு பாய்ந்து செத்தான். 'கவனென்ட்' ஒளிபரப்பானது சரியாக 20 வருடம் கழித்து, 1998 நவம்பரில். எழுதியவர் ரெனே எச்செவாரியா. அதற்கு முந்தைய வருடம்தான் கலிஃபோர்னியாவில் 'ஹெவன்ஸ் கேட்' மதக் கூட்டத்தினர் 39 பேர் ஒரே வீட்டில் உயிரை விட்டிருந்தார்கள். அவர்களின் தலைவர் ஆப்பிள்வைட்டும் அந்த 39 பேரில் ஒருவர். அவர் தான் சொன்னதை நம்பினார்.

இந்த இரண்டு தலைவர்களும் ஒரே டுகாட்டுக்குள் இருக்கிறார்கள். தன் பங்கு மாத்திரையை மட்டும் போலியாக வைத்துக்கொள்கிறான். ஆனால் தனியாக இருக்கும்போது அதே தெய்வத்திடம் உருகிப் பிரார்த்தனை செய்கிறான். ஏமாற்றுக்காரனா, பக்தனா? இரண்டும்தான். டுகாட்டாக வரும் மார்க் அலைமோ இதைக் கண்ணாலேயே நடித்துக் காட்டுகிறார். கடைசியில் கீரா தன் காதலன் ஓடோவிடம் சொல்வதும் இதையே: அவன் இப்போது உண்மையாகவே நம்புகிறான், அதனால் முன்பைவிட ஆபத்தானவன்.

மூன்றாம் முறை பார்த்தபோது வீட்டில் வேறொரு விஷயம் ஓடிக்கொண்டிருந்தது. என் அத்தை பல வருடமாகப் போய்வந்த ஒரு சின்ன ஜெபக் கூட்டத்தின் தலைவர் பண விவகாரத்தில் மாட்டிக்கொண்டார். பெரும்பாலானவர்கள் விலகிவிட்டார்கள், அத்தை விலகவில்லை. நான் வாதாடிப் பார்த்தேன். "சரிடா, அவர் திருடன்னே வெச்சுக்கோ. நான் முட்டி போட்டு அழுதது பொய்யா?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

அதற்கப்புறம்தான் ஃபாலா என் கண்ணில் பட்டார். கீரா மாத்திரைத் தட்டைத் தட்டிவிடுகிறாள். எல்லா மாத்திரைகளும் தரையில் கலந்துவிட, டுகாட் பதறிப்போய்த் தன்னுடையதைத் தேடுகிறான். குட்டு உடைந்துபோகிறது. கூட்டம் அவன்மேல் பாயும்போது அவன் தப்பித்துவிடுகிறான். மற்றவர்கள் பிழைத்துக்கொள்கிறார்கள். ஃபாலா மட்டும், உண்மை தெரிந்த பிறகு, குனிந்து ஒரு மாத்திரையை எடுத்து விழுங்குகிறார். ஏன் என்று கீரா கதறுகிறாள். "உடன்படிக்கை" (கவனென்ட்) என்ற ஒரே சொல்லோடு போய்விடுகிறார்.

அடிமைக் காலத்தில் அவ்வளவு பேர் செத்தபோது பஜோரின் தெய்வங்கள் வாயே திறக்கவில்லை. அந்தக் கேள்வியோடுதான் ஃபாலா அங்கே போயிருக்கிறார். அந்த வயதில் இன்னொரு தடவை வெறுங்கையோடு திரும்ப முடியவில்லை. இதை ஒரு வசனத்தால் விளக்காமல் விட்டதுதான் இந்த எபிசோடின் பெரிய பலம். நார்மன் பார்க்கர் ஃபாலாவாக வரும் நேரம் கொஞ்சம்தான், ஆனால் அந்தக் கை மாத்திரைக்காக நீளும் விதம் மறக்காது.

குறைகளும் உண்டு. ஐம்பது பேர் கூட்டத்தில் நம்மால் அடையாளம் காண முடிவது மிகா, அவள் கணவன் பென்யன், ஃபாலா மூவரை மட்டுமே. மற்றவர்கள் வெறும் முகங்கள். டுகாட்டைச் சுட வந்த கீராவின் முன்னால் அத்தனை பேரும் அரணாக வந்து நிற்கும் காட்சி அற்புதமானது. ஆனால் அவர்களில் யார் எதை இழந்து அங்கே வந்தார்கள் என்று தெரிந்திருந்தால் இன்னும் வலித்திருக்கும். டுகாட் தப்பிக்கும் விதமும் ரொம்பச் சுலபம்.

புதிதாகப் பார்க்கிறவர்கள் இதைத் தனியாகப் பார்க்காமல், 6வது சீசனின் 'வால்ட்ஸ்' எபிசோடை முதலில் பார்த்துவிடுங்கள். பஜோரியர்களை மொத்தமாகக் கொன்றிருக்க வேண்டும் என்று டுகாட் அதில் வெடிக்கிறான். அதே ஆள், அதே 1998இல், அதே மக்களுக்கு அன்பாக மாத்திரை கொடுப்பதைப் பார்க்கும்போது வயிறு கலங்குகிறது. இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தது எனக்கே இந்த முறைதான்.

படத்தின் தரம் பற்றி ஒரு வார்த்தை. இந்தத் தொடரைப் பிலிமில் எடுத்தாலும் எடிட்டிங்கையும் கிராஃபிக்ஸையும் வீடியோ டேப்பில் முடித்தார்கள். முழுத் தொடரும் இன்னும் ஹெச்டிக்கு மாறவில்லை. பெரிய டிவியில் அந்த இருட்டு நிலையம் மங்கலாகத்தான் தெரியும். நான் லேப்டாப்பில், விளக்கை அணைத்துவிட்டு, ஹெட்போன் போட்டுப் பார்த்தேன், அது போதும்.

அடுத்து வரும் 'இட்ஸ் ஒன்லி எ பேப்பர் மூன்' இந்த சீசனிலேயே மிகச் சிறந்ததில் ஒன்று. அதை அன்றைக்கே பார்க்காதீர்கள், மறுநாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.