டைப்-சி கட்டை: பிரஷர் மெஷினுக்குச் சரி, ரேடியோவுக்கு வேண்டாம்

டபுள் ஏ பேட்டரிக் கட்டையின் அளவுதான், ஆனால் உடம்பிலேயே டைப்-சி சார்ஜ் துளை. போன் சார்ஜரில் மாட்டினால் ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் நிரம்பிவிடும். உள்ளே இருப்பது 3.7 வோல்ட் லித்தியம் அயான் செல், அதை 1.5 வோல்ட்டாக இறக்கிக் கொடுக்க ஒரு குட்டி சர்க்யூட். இந்தக் கட்டையின் நல்லது கெட்டது எல்லாம் அந்த சர்க்யூட்டோடுதான் வருகிறது.

ஆல்கலைன் கட்டை 1.5இல் தொடங்கி 0.9 வரை மெல்ல இறங்கும். பழைய நிக்கல் சார்ஜ் கட்டை பெரும்பாலும் 1.2இல் ஓடும். இது கடைசி வரை 1.5இல் நின்றுவிட்டுப் பட்டென்று செத்துப்போகும்.

ரத்த அழுத்தம் பார்க்கும், நான்கு கட்டை போடும் பிரஷர் மெஷினுக்கு இது அருமை. பட்டையில் காற்றடிக்கும் மோட்டார் கரண்டை இழுக்கும்போது நிக்கல் கட்டை நான்கும் சேர்ந்து 4.8 வோல்ட்தான் தரும். பாதி சார்ஜ் இருக்கும்போதே சில மெஷின் 'பேட்டரி லோ' என்று நின்றுவிடும். லித்தியத்தில் 6 வோல்ட் குறையாது. நெல் ஈரப்பதம் பார்க்கும் மீட்டருக்கும் அப்படியே. கொள்முதல் நிலையத்தில் 17 சதவீதக் கணக்கில் மூட்டை நிற்கும்போது, வோல்ட் இறங்கி எண் தள்ளாடும் மலிவு மீட்டரை யார் நம்புவது? ஒரே குறை, இரண்டிலும் பேட்டரிப் படம் கடைசி வரை முழுசாகவே காட்டும். வாரம் ஒருமுறை சார்ஜில் போடுவதுதான் வழி.

ரேடியோவுக்கு வேண்டாம். சர்க்யூட் போடும் இரைச்சல் மீடியம் வேவில் அப்படியே ஏறும். 936இல் திருச்சி வானொலி வைத்தால் செய்தியைவிட 'கிர்ர்' சத்தம்தான் பெரிதாகக் கேட்கும். எஃப்எம்மில் தொல்லை குறைவு. சுவர்க் கடிகாரத்துக்கும் வீண்: கடிகாரம் குடிப்பது துளிக் கரண்ட், சர்க்யூட் தன் பங்குக்குத் தின்று தீர்க்கும். மலிவுக் கட்டையே அங்கே வருஷம் ஓட்டும்.

அட்டையில் 3000 என்று கொட்டை எழுத்தில் இருந்தால் மயங்க வேண்டாம். அது மில்லிவாட் மணி. 1.5ஆல் வகுத்தால் 2000 மில்லியாம்பியர் மணி. சர்க்யூட் தின்பது போக இன்னும் குறையும். 2000 என்று போட்ட நிக்கல் கட்டையை இதே கணக்கில் சொன்னால் 2400. வித்தியாசம் இருக்கிறது, ஆனால் விளம்பரம் காட்டும் அளவு இல்லை. டிரிபிள் ஏவில் அந்த லாபமும் இல்லை.

வாங்கும்போது ஐஎஸ் 16046 முத்திரை பாருங்கள், லித்தியம் பேட்டரிப் பாதுகாப்புக்கான இந்தியத் தர எண் அது. '14500' என்று இதே அளவில் ஒரு செல் விற்கிறது. அதில் இறக்கும் சர்க்யூட் கிடையாது, நேராக 3.7 வோல்ட். இரண்டு கட்டை டார்ச்சில் இரண்டு போட்டால், முழு சார்ஜில் 8.4 வோல்ட் ஏறி எல்இடி போய்விடும். சந்தேகமென்றால் மல்டிமீட்டரை வைத்துப் பார்த்துவிட்டே போடுங்கள். வெறுமனே 'லித்தியம்' என்று மட்டும் எழுதிய, துளையில்லாத 1.5 வோல்ட் கட்டையில் ஒருமுறை போட்டு எறிவதும் உண்டு; அதைச் சார்ஜ் போடவே கூடாது.

சார்ஜ் ஏறவில்லை என்று திருப்பி அனுப்புகிறவர்கள் முதலில் கேபிளை மாற்றிப் பார்க்கலாம். இரு முனையும் டைப்-சி உள்ள கேபிளில் சில கட்டைகள் சார்ஜரோடு பேசவே பேசாது. ஒரு முனை பழைய தட்டை யூஎஸ்பி என்றால் ஏறிவிடும். நிக்கல் சார்ஜரில் மட்டும் சொருகாதீர்கள். களத்து மேட்டில் புழங்கும் டார்ச் என்றால் துளையில் வைக்கோல் சுணை அடையும். உலர்ந்த பிரஷ்ஷால் தட்டிவிட்டுச் சொருகுங்கள். ஆல்கலைனோடு கலந்தும் போடக் கூடாது, முதலில் தீரும் கட்டை தலைகீழாக ஏறிக் கசியும்.

புயல் காலத்துக்கு இதை மட்டும் நம்ப முடியாது. 2018 நவம்பர் 16இல் கஜா வேதாரண்யம் பக்கம் கரையேறிய பின் பல ஊர்களில் வாரக்கணக்கில் கரண்ட் வரவில்லை. பவர் பேங்க் இருந்தால் லித்தியம் கட்டைக்குச் சில தடவை உயிர் கொடுக்கலாம். அது தீர்ந்தால் சோலார் தகடுதான். ஐப்பசி பிறக்கும்போதே ஒரு பாக்கெட் ஆல்கலைன் வாங்கி, டார்ச்சில் போடாமல், பிரிக்காமல் வைத்திருங்கள்.