வைரஸ் நிமோனியாவின் தீவிரம்: பிரிக்சியா, ரேல், எட்டு மதிப்பெண் முறை

நடுத்தர வயதினர் ஒருவரின் மார்பு எக்ஸ்ரேயில் வலது நுரையீரலின் அடியில் அடர்ந்த வெண்மையும், இடது அடியில் அதைவிட மங்கலான திட்டுகளும், வலது நடுப்பகுதியில் வலைபோன்ற மெல்லிய கோடுகளும் தெரிவதாக வைத்துக்கொள்வோம். வைரஸ் நிமோனியா நுரையீரலை எவ்வளவு பாதித்திருக்கிறது என்பதை எக்ஸ்ரேயிலிருந்து எண்ணாகச் சொல்லும் முறைகள் மூன்றை இங்கே ஒப்பிடுகிறேன். இதே படத்துக்குப் பிரிக்சியா முறையில் 18க்கு 6, ரேல் முறையில் 48க்கு 13, எட்டு மதிப்பெண் முறையில் 8க்கு 3 என்று வரலாம். மூன்றும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கைச் சுற்றியே நின்றாலும், அவை அளப்பது ஒன்றையே அல்ல.

இத்தாலியின் பிரெஷா நகரில் 2020-இல் கோவிட் நோயாளிகளுக்காக உருவான பிரிக்சியா முறை, ஒவ்வொரு நுரையீரலையும் மேல், நடு, கீழ் என மூன்றாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதிக்கும் 0 முதல் 3 வரை அளிக்கிறது. நுண்ணறைகளுக்கு இடையிலுள்ள இடைத்திசுவில் மட்டும் மாற்றம் இருந்தால் 1, அதோடு காற்று நுண்ணறைகளும் ஓரளவு நிரம்பியிருந்தால் 2, நுண்ணறை நிரம்பலே மேலோங்கினால் 3. பாதிப்பின் தன்மையைத்தான் இது கேட்கிறது, பரப்பை அல்ல. ஆகவே ஒரு பகுதியின் மூலையில் சிறு திட்டு அடர்ந்திருந்தாலும் முழு 3 விழுந்துவிடும். எனினும் கற்க எளிது, விரைவில் முடியும் என்பதால் முதல் நாள் படத்துக்கு நான் இதையே தேர்வேன்.

கடும் சுவாசத் திணறல் நோயாளிகளின் நுரையீரல் நீர்க்கோப்பை அளக்க 2018-இல் வெளியான ரேல் முறையோ இரு நுரையீரல்களையும் மேல், கீழ் எனப் பிரித்து நான்கு பகுதிகளைப் பார்த்து, பரப்புக்கு 4 வரையும் அடர்த்திக்கு 3 வரையும் அளித்து, இரண்டையும் பெருக்கிக் கூட்டுகிறது. வலது அடியில் 3 பெருக்கல் 3, இடது அடியில் 2 பெருக்கல் 2 என்பதே மேலே கண்ட 13. நுட்பம் கூடுகிறது, ஆனால் பெருக்கல் இருப்பதால் அடர்த்தியில் ஒரு படி தவறினால் பிழையும் பெருகுகிறது. ஹாங்காங் ஆய்வாளர்கள் 2020-இல் பயன்படுத்திய எட்டு மதிப்பெண் முறை அடர்த்தியை விட்டுவிட்டு, ஒரு நுரையீரலுக்குப் பரப்பை மட்டும் 0 முதல் 4 வரை எண்ணுகிறது. நெரிசலான அவசரப் பிரிவுக்கு அது போதும்.

உண்மையான சிக்கல் நோயாளி மாறும்போதுதான் தொடங்குகிறது. உடல் பருத்தவரைப் படுக்கையிலேயே, கதிர் முன்னிருந்து பின்னாகச் செல்லும்படி எடுத்த படத்தில் இதயம் பெரிதாகத் தெரியும்; மூச்சும் முழுதாக இழுக்கப்பட்டிருக்காது; மார்புச் சுவரின் கொழுப்பு இரு அடிப்பகுதிகளையும் மங்கலாக்கும். இல்லாத நோய்க்கு பிரிக்சியாவில் 1 ஏறிவிடுவது இங்கேதான். முதியவருக்கு இதயச் செயலிழப்பும் சேர்ந்திருந்தால், தேங்கிய நீரையும் வைரஸ் பாதிப்பையும் இந்த மூன்றில் எந்த முறையாலும் பிரித்தறிய முடியாது. நீர்க்கோப்புக்கென்றே பிறந்த ரேல் இவரிடம் மற்றவற்றைவிட அதிகமாக ஏமாறும். எம்ஃபிசீமா என்னும் நாள்பட்ட நுரையீரல் நோய் உள்ளவரிடம் நிலை நேர்மாறு: நிரம்ப வேண்டிய நுண்ணறைச் சுவர்களே அழிந்திருப்பதால் வெண்மை குறைவாகவே தெரியும், மதிப்பெண்ணும் நோயின் கடுமையைக் குறைத்துக் காட்டும்.

சிறு குழந்தைகளுக்கு இவை எதையும் அப்படியே பொருத்தக்கூடாது என்பது என் கருத்து. மார்பின் மேற்பகுதியிலுள்ள தைமஸ் சுரப்பியின் நிழல் மேற்பகுதியில் வெண்மையாகத் தெரிந்து, பழகாத கண்ணுக்குத் திட்டாகத் தோன்றும். அவர்களின் வைரஸ் தொற்றில் முதன்மையாகக் காணப்படுவது சிறு மூச்சுக்குழாய் அடைப்பால் காற்று தேங்கி நுரையீரல் உப்புவது. அந்த உப்பலுக்கு மூன்று முறைகளிலும் மதிப்பெண்ணே கிடையாது. விலா இடைவெளிகள் உள்ளிழுக்கத் திணறும் குழந்தையின் படம் 0 அல்லது 1 பெறுவது இதனால்தான்.

எனவே 70 வயதானவரின் 6-ஐயும் 40 வயதானவரின் 6-ஐயும் ஒரே தராசில் வைப்பதைவிட, ஒரே நோயாளியின் அடுத்தடுத்த படங்களை ஒரே முறையில் ஒப்பிடுவது நம்பகமானது. தீவிர சிகிச்சைப் பிரிவில் அந்த வேலைக்கு ரேலின் அகன்ற அளவுகோல் பொருந்தும். ஒன்றை மட்டும் அறிக்கையில் குறித்தாக வேண்டும்: வென்டிலேட்டரில் மூச்சிறுதி அழுத்தத்தை (மூச்சை வெளிவிட்டு முடிந்த பின்னும் நுரையீரலில் நிலைக்கும் அழுத்தத்தை) கூட்டிய பின் எடுத்த படத்தில் நுரையீரல் விரிந்து வெண்மை குறையும், நோய் சற்றும் தணியாமலே மதிப்பெண் இறங்கிவிடும்.