அரை மரதன் பயிற்சி: தார் வீதியா, குளக்கட்டா, கிரவல் வீதியா?

அரை மரதனின் தூரம் 21.0975 கிலோமீற்றர். வார நாள் பயிற்சிக்குக் கழக மைதானமே போதும். சனி, ஞாயிறு விடியப்புறம் ஓடும் 14 முதல் 18 கிலோமீற்றர் நீள ஓட்டத்துக்குத்தான் இடம் பார்க்க வேணும். வட இலங்கையின் வன்னியில் மூன்று வகை இடங்கள் உண்டு.

முதலாவது ஏ9, அதாவது கண்டி–யாழ்ப்பாணம் பெருவீதி. கிளிநொச்சிக்கும் பரந்தனுக்கும் இடையில் காப்பெற் வீதி. குண்டு குழி பார்த்து ஓடத் தேவையில்லை. போட்டிகள் பெரும்பாலும் தாரில் நடப்பதால் காலும் தாருக்குப் பழக வேணும். மண்ணிலேயே ஓடிய கெண்டைக்கால் போட்டியன்று 15ஆவது கிலோமீற்றரில் இறுகிவிடும். ஆனால் விடிய முன்னமே தூர பஸ்கள் பறக்கிற வீதி இது. எதிரே வரும் வாகனத்தைப் பார்த்தபடி வலக்கரையில் ஒற்றை வரிசையாக ஓட வேணும். பக்கத்தில் ஆள் இல்லை, கதையும் இல்லை. பிறகு கழகமாக ஓடுவதில் என்ன மிச்சம்?

இன்னொரு சிக்கலைப் பலர் கவனிப்பதில்லை. மழைநீர் வடிய வீதியின் இரண்டு கரையும் சரிவாக இருக்கும். போகும்போதும் வரும்போதும் வலக்கரையில் ஓடினால் இரண்டு தடவையும் வலக்கால்தான் பள்ளத்தில் விழும். திரும்பி ஓடும்போது கணக்குச் சரியாகிவிடும் என்பது தவறு. சில கிழமையில் வலது முழங்காலின் வெளிப்பக்கம் நோகத் தொடங்கினால் சப்பாத்தைக் குறை சொல்ல முன் இதைப் பாருங்கள்.

தார்தான் வேணுமென்றால் பரந்தன்–முல்லைத்தீவு வீதி, அதாவது ஏ35, மேல். முரசுமோட்டை தாண்டினால் வாகனம் குறைவு. பெரும்போக அறுவடை முடிந்த மாசி, பங்குனியில் மட்டும் கவனம்: வீதிக்கரையில் படங்கு விரித்து நெல் காயப் போட்டிருப்பார்கள். அதைச் சுற்ற நடு வீதிக்கு இறங்க வேண்டி வரும். இருட்டில் பின்விளக்கில்லாத லான்ட்மாஸ்டர் (இரண்டு சில்லு உழவு இயந்திரம்) பெட்டியும் நிற்கும். தலைவிளக்கு கட்டாயம்.

இரண்டாவது குளக்கட்டு. இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம் என்று வன்னிக்குக் கட்டுக்குப் பஞ்சமில்லை. கழகத்துக்கு இதுதான் முதல் தெரிவு. வேகத்தில் ஆளுக்காள் வித்தியாசம் இருந்தாலும் ஒருவரை ஒருவர் இழக்காமல் ஓடலாம் என்பதே காரணம். 1 மணி 45 நிமிடத்தில் முடிக்க நினைப்பவர் போட்டியில் கிலோமீற்றருக்கு 4:59 ஓட வேணும். 2 மணிக்காரர் 5:41. 2 மணி 15 நிமிடக்காரர் 6:24. நீள ஓட்டத்தில் இதைவிட 45 தொடக்கம் 60 செக்கன் மெதுவாக ஓடுவதே சரி. ஏ9இல் இந்த மூன்று குழுவும் அரை மணியில் கண்ணுக்கெட்டாமல் போய்விடும். குளக்கட்டில் ஒவ்வொரு சுற்றிலும் எதிரெதிரே சந்திக்கும். யாராவது நொண்டினால் உடனே தெரியும். கட்டு 2 கிலோமீற்றர் என்றால் போய்வர 4. நாலு தடவை போய்வந்தால் 16. ஜி.பி.எஸ். மணிக்கூட்டால் ஒருமுறை அளந்து 500 மீற்றருக்கு ஒரு சுண்ணாம்புக் கோடு போட்டால் போதும்.

தண்ணீர்ச் செலவும் குறைவு. ஆளுக்கு மணிக்கு அரை லீற்றர் என்றால் எட்டுப் பேருக்கு இரண்டு மணித்தியாலத்துக்கு 8 லீற்றர். துருசடியில் (குளத்து மதகடியில்) இரண்டு கான் வைத்தால் முடிந்தது: ஒன்றில் வெறும் தண்ணீர் 4 லீற்றர், மற்றதில் 4 லீற்றருக்கு ஜீவனி (தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்புத்தூள்) நாலு பைக்கற். தண்ணீரைக் குறைத்துக் கரைக்க வேண்டாம். செறிவு கூடினால் வயிறு குழம்பும். தார் வீதியில் இதே தண்ணீரைச் சுமக்க ஒருவர் ஓட்டத்தை விட்டு சைக்கிள் உழக்க வேணும்.

கட்டிலும் குறை உண்டு. நிழல் இல்லை, ஏழரைக்குப் பிறகு வெயில் சுடும், ஆகவே ஐந்து மணிக்குத் தொடங்குங்கள். வைகாசி பிறந்தால் சோளகம் (தென்மேல் காற்று) மறைப்பில்லாமல் அடிக்கும். முன்னால் ஓடுபவரை ஒரு கிலோமீற்றருக்கு ஒருமுறை மாற்றுங்கள். மாறி வீசும் வாடை (வடகீழ்க் காற்று) அவ்வளவு தொல்லை இல்லை, அந்த மாதங்களில் மழைதான் தொல்லை. கரையோரப் புல்லில் புடையன் பாம்பு கிடக்கும், நடுவிலேயே ஓடுங்கள். எல்லாவற்றையும்விட மோசம், ஒவ்வொரு சுற்றிலும் நிறுத்திய சைக்கிளைத் தாண்டிப் போவது. 12 கிலோமீற்றரில் பாதிப் பேர் அதிலேயே ஏறிவிடுவார்கள். சைக்கிளைக் கட்டுக்குத் தள்ளி, கண்ணில் படாத இடத்தில் விடுங்கள்.

மூன்றாவது கிரவல் வீதி. மூட்டுக்கு மெத்தை, கணுக்காலுக்குப் பகை. உருளும் கல், மழைக்குச் சேறு, கோடைக்குப் புழுதி. 6 அல்லது 8 கிலோமீற்றர் மெதுவோட்டத்துக்கு நல்லது, அதற்கு மேல் வேண்டாம். ஒதுங்குவதற்கென்றாலும் வீதியை விட்டுப் பற்றைக்குள் இறங்கக் கூடாது. மிதிவெடிப் பலகை இல்லாத இடத்திலும் ஊராரைக் கேட்டுவிட்டே காலை வையுங்கள். ஒட்டுசுட்டான் பக்கம் காட்டோரம் யானையும் வரும், வெளிச்சம் வந்த பிறகு ஓடுவதே புத்தி.

எனவே இரண்டு கிழமை கட்டு, மூன்றாவது கிழமை ஏ35 என்று மாறி மாறி ஓடலாம். தார் நாளில் தூரத்தைக் குறிக்காமல் நேரத்தைக் குறியுங்கள்: எல்லாரும் 50ஆவது நிமிடத்தில் நின்ற இடத்தில் திரும்பினால், ஒரே வேகத்தில் ஓடும் வரைக்கும், வேகக்காரரும் மெதுவானவரும் பரந்தன் சந்திக்கு ஒன்றாகத்தான் வந்து சேருவார்கள்.